கண்ணாடித் தொட்டிக் கெளுத்தியும் ஊர்க் கண்மாயும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரை)



நெல்லுக்கு மேலுரம் எப்போ போடுறது, கத்தரியில் காய்ப்புழுவை எப்படிக் கட்டுப்படுத்துறது என்றெல்லாம் இந்த நேரத்தில் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்றைக்குக் கொஞ்சம் வேறு சமாசாரம். வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்க்கிறார்களே வெளிநாட்டுக் கெளுத்தி மீன்கள், அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"விவசாயிக்கு எதுக்கு இது? டவுன்காரங்க பொழுதுபோக்காச்சே" என்று சிலர் நினைக்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. இப்போ கிராமத்திலும் பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கிக் கொடுக்கிறோம். சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் உற்பத்திக்கும் வியாபாரத்துக்கும் பேர் போன இடம். அங்கிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து எல்லாச் சந்தைக்கும் மீன் வந்துவிடுகிறது. வாங்கி வந்த மீனைச் சரியாக வளர்த்தால் வீட்டுக்கு அழகு. வளர்க்கத் தெரியாமல் ஊர்க் கண்மாயில் கொண்டு போய் விட்டால், அது ஊருக்கே கேடாக முடியும். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கெளுத்தியின் குணம்

கெளுத்தி நமக்குப் புதிய மீன் அல்ல. ஆற்றுக் கெளுத்தி, தேளி, வாளை எல்லாம் நாம் பார்த்தவைதான். இந்த இனத்துக்குச் சில பொதுக் குணங்கள் உண்டு. உடம்பில் செதில் கிடையாது. சிலவற்றுக்கு வெறும் தோல், சிலவற்றுக்குத் தோலின் மேல் எலும்புத் தகடு. வாயைச் சுற்றி மீசை இருக்கும். கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் இரையைத் தேட அந்த மீசைதான் அதற்கு விரல், அதற்கு நாக்கு. பெரும்பாலான வகைகள் பகலில் பதுங்கும், அந்தி சாய்ந்ததும் கிளம்பும். முதுகிலும் மார்புத் துடுப்பிலும் முள் இருக்கும். பயந்தால் அந்த முள்ளை விறைப்பாக நிறுத்திக்கொள்ளும்.

அயல்நாட்டுக் கெளுத்திகளுக்கும் இதே குணம்தான். இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறை முக்கால்வாசி தானாகவே புரிந்துவிடும். தரையில் மேய்கிற மீன், ஆதலால் தரை சுத்தமாக இருக்க வேண்டும். மீசையால் துழாவுகிற மீன், ஆதலால் மணல் மென்மையாக இருக்க வேண்டும். இருட்டில் கிளம்புகிற மீன், ஆதலால் ஒளிய இடமும் அந்தி நேரத் தீனியும் வேண்டும். செதில் இல்லாத மீன், ஆதலால் மருந்தும் விஷமும் சீக்கிரம் தாக்கும்.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

கடைக்குப் போனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "இது வளர்ந்தா எவ்வளவு பெரிசாகும்?" என்று கேளுங்கள். தொட்டியில் விரல் நீளத்தில் துள்ளுகிற குஞ்சு எல்லாம் விரல் நீளத்திலேயே நிற்பதில்லை.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது கோரிடோராஸ் என்கிற சின்னக் கெளுத்தி. கடையில் "கோரி" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் ஓடைகளும் ஆறுகளும் இதன் சொந்த ஊர். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 5 முதல் 7 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. மற்ற மீன்களோடு சண்டைக்குப் போகாது. இது கூட்டமாக வாழ்கிற மீன். ஒன்று இரண்டு வாங்கிவிட்டால் மூலையில் முடங்கிக் கிடக்கும். ஆறாவது வாங்க வேண்டும். நல்லபடி வைத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

இனி, வாங்கக் கூடாதவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, "டேங்க் கிளீனர்" என்றும் "சக்கர்" என்றும் சொல்லி விற்கிற மீன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். உடம்பு முழுக்கக் கவசம் போலத் தகடு. கடையில் பார்க்கும்போது இரண்டு மூன்று அங்குலம். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரையும் தாண்டும், அதாவது ஒன்றேகால் அடிக்கும் மேல். பத்து வருஷத்துக்கு மேல் வாழும். இரண்டு அடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் இருக்காது.

இரண்டாவது, "சுறா" என்று பெயர் சொல்லி விற்கிற பளபளப்பான கெளுத்தி. அது சுறாவே இல்லை. ஆந்திராவிலும் நம் பக்கத்திலும் குளங்களில் சாப்பாட்டுக்கு வளர்க்கிற பங்காசியஸ் இருக்கிறதே, அதன் குஞ்சுதான் அது. குளத்தில் கிலோக்கணக்கில் வளர்கிற மீனைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்தால் என்ன ஆகும்? மிரண்டு ஓடி மூக்கை மோதிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, சிவப்பு வால் கெளுத்தி. அமேசான் ஆற்றைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது கண்ணைப் பறிக்கும். வளர்ந்தால் ஒரு மீட்டர் நீளம் வரும். கூடவே இருக்கிற மற்ற மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும்.

நான்காவது, ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தொட்டியும் மணலும்

ஆறு கோரி மீன்களுக்கு இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி போதும். இதற்கு மேலே நீந்துகிற சின்ன மீன் ஆறு எட்டு சேர்த்துக்கொள்ளலாம். விளிம்பு வரை நிரப்பினால் இதில் சுமார் 54 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கொஞ்சம் குறைத்து நிரப்பினாலும் தண்ணீர் மட்டுமே ஒரு சிப்பம் நெல் அளவு எடை. அதோடு கண்ணாடியும் மணலும் சேரும். ஆகவே ஆட்டம் காணாத, மட்டம் பார்த்த மேடை வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் பலகை ஒன்று விரித்துவிட்டால் கண்ணாடி விரிசல் விடாது. வெயில் நேராக விழும் ஜன்னல் ஓரம் வேண்டாம். தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும்.

மணல் விஷயத்தில் கவனம் தேவை. மெல்லிய ஆற்று மணல் உத்தமம். கல் உடைத்து அரைத்த எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அதன் விளிம்பு கூராக இருக்கும். நாளெல்லாம் மணலைத் துழாவுகிற மீனுக்கு மீசை தேய்ந்து போகும். மீசை போன கோரி, இரை தேட முடியாமல் மெலிந்துவிடும். மணலைச் சலித்து, பக்கெட்டில் போட்டு, கழுவின தண்ணீர் தெளிவாக வரும் வரை கழுவுங்கள். ஓர் அங்குல உயரம் பரப்பினால் போதும்.

ஒளிவிடத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம், கூர் விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கிவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டையை நாரும் பருப்பும் போகச் சுரண்டி, கொதிக்க வைத்து, சில நாள் ஊற வைத்துப் போடலாம். உர மூட்டை, மருந்து டப்பா இவற்றோடு கிடந்த எந்தப் பொருளும் தொட்டிக்குள் போகக் கூடாது.

தண்ணீரைத் தயார் செய்தல்

பல வீடுகளில் மீன் வாங்கிய ஒரு வாரத்திலேயே செத்துப்போகிறது. "ராசியில்லாத தொட்டி" என்று சொல்லிவிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் பழகவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். வயலில் யூரியா போடுகிறோம். அது மண்ணில் அமோனியாவாக மாறுகிறது. அப்புறம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் தொட்டியிலும் இதே கதைதான். மீனின் கழிவும் மிஞ்சின தீனியும் அமோனியா ஆகின்றன. அமோனியா மீனுக்கு விஷம். நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. வயலில் மண் நிறைய நுண்ணுயிர் இருக்கிறது. புதுத் தொட்டியில் அது இல்லை. அது பெருகி வரவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஆகவே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, காற்று மோட்டாரும் ஸ்பாஞ்ச் பில்டரும் ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். மீன் இன்னும் விட வேண்டாம். தீனி அழுகி அமோனியா வரும், அதைத் தின்ன நுண்ணுயிர் பெருகும். ஏற்கெனவே நல்லா ஓடுகிற தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டால் நாள் குறையும். பாலுக்கு உறை மோர் ஊற்றுவது மாதிரி. அமோனியா, நைட்ரைட் பார்க்கச் சின்னப் பரிசோதனைப் பெட்டி வண்ண மீன் கடையில் கிடைக்கும். இரண்டும் முற்றிலும் இல்லை என்று தெரிந்த பிறகு மீன் வாங்கப் புறப்படுங்கள்.

அடுத்தது, குளோரின். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது. வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். பவுடர் போட்ட அன்றைக்குப் பிடித்த தண்ணீர் என்றால் இரண்டு நாள் வையுங்கள். அவசரத்துக்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைப் பயன்படுத்தலாம். கிணற்று நீர், போர் நீர் என்றால் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற சமயத்தில், வாய்க்கால் தண்ணீரும் வயலோரக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்.

மீனை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பையோடு தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, அரை மணி கழித்து மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அதோடு நோயும் வரலாம்.

வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். நாம் சொன்ன தொட்டிக்கு அது ஒரு குடம் அளவுதான். குழாய் வைத்து அடி மண்ணில் இருக்கிற கசடோடு உறிஞ்சி எடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அதில் நைட்ரேட் இருக்கிறது. ரோஜாச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், செழித்து வளரும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். எடுத்து வைத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். குளோரின் பட்டால் பெருக்கி வைத்த நுண்ணுயிர் அத்தனையும் போய்விடும்.

வெயிலும் மின்வெட்டும்

கோரி மீன்களில் பெரும்பாலானவைக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையான தண்ணீர் பிடிக்கும். நம் சமவெளியில் சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். அந்த நாளில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மின்விசிறிக் காற்றைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி வையுங்கள். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே இதுவும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பனிக்கட்டியை நேராகத் தொட்டியில் போட வேண்டாம். திடீர்ச் சூடு, திடீர்க் குளிர் இரண்டுமே ஆகாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துக்காரர்களுக்குப் புள்ளிக் கோரி என்கிற வகை ஏற்றது. அது குளிர்ச்சியான தண்ணீரைத் தாங்கும்.

கோரி மீன் அடிக்கடி விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கும். கண்டு பயப்படாதீர்கள். அந்தக் காற்றைக் குடலில் வைத்து அது பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. எல்லா மீனும் ஒரே இடமாக மேற்பரப்பிலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடினால்தான் ஆபத்து. உடனே கால் பங்கு தண்ணீர் மாற்றி, காற்றைக் கூட்டுங்கள். மின்வெட்டு அதிகம் உள்ள ஊரில் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தீனி

"கெளுத்திக்குத் தனியாத் தீனி எதுக்கு? மத்த மீன் போட்ட கழிவையும் மிச்சத்தையும் தின்னுட்டுக் கிடக்கும்" என்று சொல்லி விற்பார்கள். இதை நம்பித்தான் எத்தனையோ மீன் பட்டினியால் சாகிறது. எந்த மீனும் கழிவைத் தின்று வாழாது. கெளுத்தி தொட்டியைக் கழுவ வந்த வேலைக்காரன் அல்ல, அதுவும் வயிறு உள்ள உயிர்.

மிதக்கிற தீனியை மேலே இருக்கிற மீன்களே காலி செய்துவிடும். ஆகவே அடியில் மூழ்கும் தீனி வாங்குங்கள். விளக்கை அணைத்த பிறகு, அந்தியில் போடுங்கள். கால் மணி நேரத்தில் தீருகிற அளவே போட வேண்டும். வாரம் ஒரு நாள் தீனி இல்லாமல் விட்டாலும் தப்பில்லை. மருந்து படாத மண்ணிலிருந்து எடுத்த சின்ன மண்புழுவைக் கழுவி, பொடியாக நறுக்கி, வாரம் ஒரு முறை கொடுத்தால் ஆவலாகத் தின்னும். சாக்கடையில் எடுக்கிற செம்புழு வேண்டாம், நோய் கொண்டு வரும்.

ஏற்கெனவே சக்கர் மீன் வாங்கி வைத்திருப்பவர்கள் அதற்கு வெள்ளரிக்காய்த் துண்டு, சுரைக்காய்த் துண்டு, வெந்நீரில் ஒரு கொதி விட்ட கீரை கொடுக்கலாம். நம் வீட்டுக்கென்று மருந்தடிக்காமல் வளர்த்த காயாக இருக்கட்டும். இரவில் போட்டு, மிஞ்சினதைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

நோயும் விஷமும்

மீசை குட்டையாவது, வயிற்றில் சிவப்பு தெரிவது இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் அழுக்கு மணல். மருந்தைத் தேடி ஓடும் முன் மணலைச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வந்தால் அது ஒட்டுண்ணி நோய், மருந்து தேவை. கெளுத்திக்குச் செதில் இல்லாததால் மற்ற மீனுக்குச் சொல்லும் முழு அளவு மருந்து தாங்காமல் போகலாம். பாதி அளவில் தொடங்கி, மீனைக் கவனித்துக்கொண்டே மேலே போகலாம். கல் உப்பைக் கை நிறைய அள்ளிப் போடும் பழக்கம் கோரிக்கு ஆகாது. புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது புத்திசாலித்தனம். சந்தையில் பிடித்து வந்த ஆட்டை உடனே பட்டியில் சேர்க்க மாட்டோமே, அதே போலத்தான்.

விவசாய வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு, பூச்சிமருந்து. இப்போது நாம் அடிக்கிற மருந்துகளில் சைபர்மெத்ரின் போன்றவை மீனுக்குக் கடும் விஷம். நீரில் மிக மிகக் குறைந்த அளவு கலந்தாலே மீன் செத்துவிடும். கொசு விரட்டும் சுருளிலும் திரவத்திலும் இருப்பதும் அந்த இன மருந்துதான். ஆகவே மீன் தொட்டி இருக்கும் அறையில் கொசுமருந்து வேண்டாம், வலை கட்டிக்கொள்ளுங்கள். தெளிப்பு வேலை முடித்து வந்தவர் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் தொட்டியைத் தொடக் கூடாது. மருந்து கலக்கிய பக்கெட் எத்தனை தடவை கழுவினாலும் மீன் வேலைக்கு உதவாது. தொட்டிக்கென்று தனிப் பக்கெட், தனிக் குவளை வைத்துவிடுங்கள்.

கெளுத்தியைக் கையால் பிடிக்க வேண்டாம். வலையில் பிடித்தாலும் முள் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் இழுக்காதீர்கள், வலையை வெட்டிவிடுங்கள். வலை போனால் போகட்டும். பிளாஸ்டிக் குவளையால் மொண்டு எடுப்பதே நல்லது. முள் குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் குத்திய இடத்தை வைத்திருங்கள், வலி குறையும். தேளி குத்தினாலும் இதே முதலுதவிதான். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குஞ்சு எடுக்கலாமா?

"கோரியில் குஞ்சு எடுத்து விற்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியும். பெண் மீன் மேலேயிருந்து பார்த்தால் அகலமாக, உருண்டையாகத் தெரியும். ஆண் மெலிந்திருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று சேர்த்து, சில வாரம் நல்ல தீனி கொடுங்கள். பிறகு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியான தண்ணீர் ஊற்றுங்கள். மழை வந்துவிட்டது என்று மீன் நினைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கெளுத்தி புதுவெள்ளத்தில் ஏறுவது தெரியுமில்லையா, அதே உணர்வுதான். கண்ணாடியிலும் இலையிலும் முட்டையை ஒட்டி வைக்கும். பெரிய மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். ஆகவே விரலால் மெதுவாக உருட்டி எடுத்து வேறு பாத்திரத்தில், லேசான காற்றோட்டத்தில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும்.

ஆனால் ஒன்று. விற்பனைக்கு ஆள் பார்க்காமல் முதல் போடாதீர்கள். முதலில் ஒரு தொட்டி, அதில் கை பழகட்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டத்தில் மீன்வளத்துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கண்மாயில் விடாதீர்கள்

இப்போ முக்கியமான சமாசாரத்துக்கு வருகிறேன்.

மீன் பெரிதாகிவிட்டது, தொட்டி கொள்ளவில்லை. கொல்ல மனசு வரவில்லை. "போ, நல்லா இரு" என்று சொல்லிக் கோயில் குளத்திலோ கண்மாயிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றே நினைத்துச் செய்கிறார்கள். அதனால் வந்த வினையைக் கேளுங்கள்.

டேங்க் கிளீனர் என்கிற அந்தச் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் சொந்த ஊரில் அதைத் தின்னப் பெரிய மீன், முதலை, நீர்நாய் எல்லாம் உண்டு. அமேசான் கரை மக்களும் ஓட்டோடு சுட்டுச் சாப்பிடுகிறார்கள். இங்கே கவசம் போட்ட அந்த மீனை விழுங்கக்கூடிய எதிரி குறைவு. சந்தையிலும் வாங்க ஆள் இல்லை. ஆண் மீன் முட்டையைக் காவல் காப்பதால் குஞ்சு நிறையப் பிழைக்கிறது. பிராணவாயு குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும், வயிற்றில் காற்றை நிரப்பிக்கொண்டு உயிர் வாழும். தண்ணீரை விட்டு வெளியே போட்டாலும் பல மணி நேரம் சாகாது.

இதனால் விவசாயிக்கு என்ன நஷ்டம்? மூன்று நஷ்டம்.

ஒன்று, மீன் நஷ்டம். கெண்டை மீனுக்கு ஆதாரமான பாசியையும் அடிமண் உணவையும் இது சுரண்டித் தின்கிறது. மெக்சிகோ நாட்டில் இன்ஃபியெர்னியோ என்று ஓர் அணை. ஜிலேபி மீனுக்குப் பேர் போனது. இந்தச் சக்கர் மீன் உள்ளே புகுந்து பெருகிய பிறகு, வலையில் ஜிலேபி குறைந்து சக்கரே குவிந்தது. மீனவர் பிழைப்பு கெட்டது.

இரண்டு, வலை நஷ்டம். முள்ளும் தகடும் சிக்கி வலை கிழிகிறது. நூல் செலவும் கூலியும் யார் தலையில்? மீன்பாசி குத்தகை எடுத்தவர் தலையில். அவருக்கு நஷ்டம் வந்தால் அடுத்த வருஷம் ஏலத்தொகை குறையும். ஊர்ப் பொதுப் பணம் குறையும்.

மூன்று, கரை நஷ்டம். இதுதான் நம்மை நேராகத் தாக்குவது. முட்டையிட ஆண் மீன் கரையில் வளை தோண்டும். ஒரு வளை ஒரு மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் கால்வாய்க் கரைகள் இப்படி வளையால் அரிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறார்கள். எலி வளை போட்ட வரப்பு என்ன கதிக்கு ஆளாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண் கரை கொண்ட கண்மாயில், ஐப்பசி மழையில் தண்ணீர் முட்டி நிற்கும்போது, கரைக்குள் நூறு வளை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அது மெக்சிகோவில், அமெரிக்காவில்" என்று இருந்துவிட முடியாது. ஆந்திராவில் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகப் பகுதிகளில் மீன் குளங்களுக்குள் இது வந்துவிட்டது. திருவனந்தபுரம் நகரக் கால்வாய்களில் பெருகியிருக்கிறது. கொல்கத்தாவின் கிழக்கே உள்ள சதுப்பு நீர்நிலைகளில் இருக்கிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பிடிபடுகிறது. இவை தாமாக நடந்து வந்தவை அல்ல. யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் வெளியே வந்தவைதான்.

ஆகவே என்ன செய்ய வேண்டும்?

பெரிதாகும் மீனை வாங்காமல் இருப்பதே முதல் வழி. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். காசு திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை. பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். இரண்டும் முடியாதபோது, மீனை ஒரு பாத்திரத் தண்ணீரில் விட்டு, கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கலக்கி அதில் சேர்க்க வேண்டும். மீன் மயங்கி, வலி தெரியாமல் அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, தென்னை மரத்தடியில் ஆழமாகப் புதைத்துவிடலாம். மனசுக்குக் கஷ்டமான காரியம்தான். ஆனாலும் ஒரு மீனுக்கு இரங்கி ஊர்க் குளத்து மீனையெல்லாம் பட்டினி போடுவது கருணை ஆகாது.

தொட்டியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். முட்டையும் குஞ்சும் நோயும் அதோடு போகும். தரையில், செடியடியில் ஊற்றுங்கள். பண்ணைக் குட்டையில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் மழை நீர் வழிந்தோடும் வாயில் கண் சிறுத்த வலை கட்ட வேண்டும். மழை பெய்யும் முன்னே கட்ட வேண்டும்.

கண்மாயில் வலை போடும்போது சக்கர் மீன் சிக்கினால் திரும்பத் தண்ணீரில் வீசாதீர்கள். கரையில் போட்டுவிட்டும் வராதீர்கள், அது ஊர்ந்து மறுபடி இறங்கிவிடும். எடுத்து வந்து புதையுங்கள். எந்தக் குளத்தில், எத்தனை, என்ன நீளம் என்று குறித்து மீன்வளத்துறைக்குத் தெரியப்படுத்துங்கள். கோடையில் கண்மாய் வற்றும்போது கரையில் வளை தென்படுகிறதா என்று நடந்து பாருங்கள். வளை தெரிந்தால் ஈரம் காயும் முன் தோண்டிப் பார்த்து, மண் போட்டு இடித்து இறுக்குங்கள். ஈரம் இருக்கும் வளைக்குள் அது அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கக்கூடும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். மீன் வாங்கித் தருவதற்கு முன்னே, "இதை நீ குளத்தில் விடக் கூடாது, கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்தணும்" என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறு கோரி மீன் அந்தி நேரத்தில் வரிசையாக மணலைத் துழாவிக்கொண்டு போவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அலுக்காது. அந்த அழகு தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கண்மாய் நம் கெண்டைக்கும் விராலுக்கும் நாட்டுக் கெளுத்திக்கும் உரியது. நம் வயலுக்குத் தண்ணீர் தருவதும் அதுதான்.